மாலை போட்ட படம்

சந்தனச் சீவலைக் கோத்துச் செய்த மாலைக்கு ஒரு சத்தம் உண்டு. மின்விசிறிக் காற்று படும்போது அது படச் சட்டத்தின் கண்ணாடியை லேசாக உரசும். தோ பாயோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, என் அத்தையின் படம் தொங்கியது. படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் அந்த உரசல் காதில் விழும். அத்தை ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்துப் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிடுவேன். "காத்துதாம்மா, பேசாம எழுது" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

கறுப்பு வெள்ளைப் படம். சிராங்கூன் சாலையில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படியும் தூணும். முன்னால் ஒரு முக்காலியில் இரட்டைப் பின்னலும் பூப்போட்ட தாவணியுமாக அத்தை. இடது கையை மடியில் வைத்து, மணிக்கட்டில் இருக்கும் கைக்கடிகாரம் நன்றாகத் தெரியும்படி திருப்பிக் காட்டியிருப்பார். அவருடைய முதல் சம்பளத்தில் வாங்கிய கடிகாரம் அது என்று அம்மா சொல்வார். அம்மா அத்தையைப் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அத்தை விஷக் காய்ச்சலில் போய்விட்டாராம். அப்படித்தான் அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அம்மா அதை எனக்குச் சொன்னார். ஆண்டுதோறும் அத்தையின் நினைவு நாளன்று படத்துக்கு முன்னால் இலை போட்டு, பார்க்காத அந்த நாத்தனாருக்காக அம்மா விழுந்து விழுந்து சமைப்பார். இலையில் சுகியன் கட்டாயம் இருக்கும். அத்தைக்குச் சுகியன் என்றால் உயிராம்.

மாலை மங்கிப் போனதும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போவார். தனக்கு ஒரு சட்டை வாங்க வேண்டுமென்றால் முதல் கடையில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடும் மனிதர், பூக்கடை வரிசையில் மட்டும் ஒவ்வொரு கடையாக நிற்பார். மாலையை எடுத்துத் தன் மார்பிலே வைத்து நீளம் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். நூலை இழுத்துப் பார்ப்பார். "யாருக்குண்ணே?" என்று கடைக்காரர் கேட்டால், "வீட்டுல ஒரு படத்துக்கு" என்பார். என்னிடம் பேசும்போது "உங்க அத்தை". அக்கா என்ற சொல் அப்பாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இதெல்லாம் இப்போதுதான் உறைக்கிறது. அப்போது, செத்துப்போன அக்காவை நினைத்தால் அழுகை வந்துவிடும், அதனால்தான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று நானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, அவரை ரொம்ப மென்மையான மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

அம்மா காலமான பிறகு தோ பாயோ வீட்டைக் காலி செய்துவிட்டு உட்லண்ட்ஸுக்குப் போனோம். நான் அதற்குள் ஓர் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா அத்தை படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத அங்க கொண்டு வர வேணாம். உங்க மியூசியத்துக்குக் கொடுத்துடு." இத்தனை காலத்துத் துக்கத்தை ஒருவழியாக இறக்கி வைக்கிறார் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அருங்காட்சியகத்திலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இறந்தவர்களை வீட்டில் எப்படி நினைவுகூர்ந்தன என்பதற்கு நல்ல சான்று என்றார்கள். மாலையோடு, சிவப்பு பல்போடு படம் பதிவாயிற்று. அதற்கு ஓர் எண் கிடைத்தது. சாம்பல் நிறப் பெட்டியில், மெல்லிய தாளுக்கு நடுவே, குளிரூட்டப்பட்ட கிடங்கில் அத்தை படுத்துக்கொண்டார்.

கிடங்கைப் பற்றி வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அருங்காட்சியகத்தில் மக்கள் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி கிடங்கில் அலமாரி அலமாரியாக உறங்குகிறது. பாக்குவெட்டிகள், அடுக்குச் சட்டிகள், பள்ளிச் சீருடைகள், கடைப் பலகைகள். யாரோ ஆசையாகக் கொடுத்தவை. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, பொருள் மட்டும் எண்ணோடு இருக்கும். எங்கள் பிரிவு இவற்றில் சிலவற்றைப் பெட்டியில் வைத்து சமூக மன்றங்களுக்கும் முதியோர் நிலையங்களுக்கும் எடுத்துப் போக ஆரம்பித்தது. மேசையில் பொருளை வைத்து அதன் கதையைச் சொல்வோம். கேட்பவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். பாக்குவெட்டியைப் பார்த்ததும் ஒரு பாட்டி தன் மாமியாரை இரண்டு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்த கூட்டமெல்லாம் உண்டு. பெட்டியில் கிடந்த பொருளுக்கு அந்த அறையில் உயிர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அத்தையின் படத்துக்கு நான்தான் கதை சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே சொல்வேன். வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பெண், முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம், ஸ்டூடியோவில் ஒரு படம், பிறகு காய்ச்சல். அவள் விரும்பித் தின்ற சுகியன், அவளைப் பார்த்தே இராத என் அம்மா அதைச் சுட்டுப் படைத்தது. அந்த இடத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும். யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் பிடித்துப் பரப்பிவிட, அத்தை வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தார்.

அன்றைய கூட்டம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். விடுமுறைக்குத் தேக்கா வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் சிலரும் குளிர்ச்சிக்காக உள்ளே வந்து, கதை கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு மூதாட்டி. கத்தரித்த நரைமுடி, பூப்போட்ட மேல்சட்டை, காற்சட்டை, கையில் ஊன்றுகோல். சீனக் குடும்பத்து மூதாட்டிகள் போல உடை, ஆனால் முகம் நம் முகம். நான் கதை சொன்ன நேரம் முழுவதும் அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கண்ணைத் துடைத்த இடத்தில் அவர் துடைக்கவில்லை. கேள்வி நேரம் வந்ததும் ஊன்றுகோலைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன காய்ச்சல்?"

"விஷக் காய்ச்சல், ஆண்ட்டி."

"எந்த ஆஸ்பத்திரி?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொன்னதில்லை. "வீட்டுலயே இறந்துட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்று மழுப்பினேன்.

"சுகியன் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"எனக்கு அது ஆகவே ஆகாது லா. பாசிப்பயறு தின்னா வயிறு உப்பிக்கும். அந்த வாட்ச்சும் ஸ்டூடியோக்காரனோடது. ஓடவே ஓடாது, சும்மா கட்டி விட்டான்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வயதானவர், ஏதோ தன் நினைவில் பேசுகிறார் என்றுதான் முதலில் பட்டது. அவர் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே படம், உள்ளங்கை அளவில். அதே மாடிப்படி, அதே தூண், அதே திருப்பிய மணிக்கட்டு. மாலை மட்டும் இல்லை. பிறகு தன் இடது கையை, தோல் சுருங்கிய அந்த மணிக்கட்டை, படத்தில் இருப்பது போலவே திருப்பி மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தக் கணத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன், சரியாக வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, மகிழ்ச்சி வரவில்லை. பொருட்களைத் தொடுவதற்காகப் போட்டிருந்த கையுறைக்குள் விரல்கள் வியர்த்துப் பிசுபிசுத்தன. மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் கும்பிட்டு விபூதி வைத்துக்கொண்ட படம். பரீட்சைக்குப் போகுமுன் கண்மூடி வேண்டிக்கொண்ட படம். அந்தப் படத்தில் இருந்தவர், முன்வரிசையில், ஊன்றுகோலில் தாடையை வைத்துக்கொண்டு, "நான் எப்பதான் செத்தேன், கண்ணு?" என்று கேட்கிறார். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

பிறகு இருவரும் தேக்கா சந்தையின் உணவுக் கடைப்பகுதியில் போய் உட்கார்ந்தோம். அத்தைதான் பேசினார். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த சீன இளைஞர் ஒருவரை விரும்பியிருக்கிறார். வீட்டில் தெரிந்ததும் அடி, பூட்டு, எல்லாம் நடந்திருக்கிறது. ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, கல்யாணம் செய்துகொண்டார். மனம் கேட்காமல், சில நாள் கழித்து, துணிமணி எடுக்கும் சாக்கில் வீட்டுப் பக்கம் போயிருக்கிறார். அப்போது தாத்தா குடும்பம் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது.

"படியேறும்போதே ஒப்பாரிச் சத்தம். யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பதறி ஓடினேன். கதவு திறந்திருந்துச்சு. உள்ள பாத்தா, சுவத்துல என் படம். மாலை போட்டிருக்கு. விளக்கு எரியுது. எல்லாரும் தலை முழுகி, ஈரத்தோட உக்காந்திருக்காங்க. உங்கப்பன் அப்ப பள்ளிக்கூடம் போற வயசு. மொட்டை அடிச்சிருந்தாங்க அவனுக்கு. எனக்காக. அவன் மட்டும்தான் திரும்பி என்னப் பாத்தான்."

"அப்பா பார்த்தாரா?"

"பாத்தான். வாயத் திறக்கல. நானும் அப்படியே எறங்கிட்டேன்."

ஓடிப்போன பெண்ணைத் தலை முழுகிவிட்டோம் என்று நம் பேச்சில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். கோபத்தில் வரும் ஒரு வார்த்தை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இந்தக் குடும்பம் அதை வார்த்தையாக விடவில்லை. குழாயடியில் வரிசையாக நின்று உண்மையாகவே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. படத்துக்கு பல்பு மாட்டியிருக்கிறது. ஆண்டுதோறும் இலை போட்டிருக்கிறது. விஷயம் தெரியாத மருமகளைச் சுகியன் சுட வைத்திருக்கிறது. அந்தப் படத்தை நான் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், கேட்டவர்களை அழ வைத்து, கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் காட்டித்தான் இதெல்லாம் தெரிய வந்ததாம். "ஒண்ணே ஒண்ணு செய். அந்த மாலைய எடுத்துடு. எனக்கு வயசாயிடுச்சு, எப்படியும் போகத்தான் போறேன். அதுவரைக்குமாவது உயிரோட இருந்துட்டுப் போறேன் லா." அப்பாவைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி. இருக்கிறானா? உட்லண்ட்ஸில் என்னோடுதான் இருக்கிறார் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

ரயிலில் உட்லண்ட்ஸ் போய்ச் சேரும்வரை, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனைதான். இருதய நோயாளி. இறந்துவிட்டதாகத் தாத்தா சொன்னதைச் சின்னப் பையனாக நம்பியிருப்பார், கதவருகில் பார்த்ததைக் கனவு என்று நினைத்திருப்பார் என்றெல்லாம் என் மனம் அவருக்காக வாதாடிக்கொண்டே வந்தது. வீட்டில் அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை போட்டாரா என்று விசாரித்து, மெதுவாக ஆரம்பித்தேன். அத்தை உயிரோடு இருக்கிறார், இன்று பார்த்தேன் என்றேன். அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"முட்டி வலி எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

இதற்கு முன்னால் மண்டபத்தில் வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை. இதுதான் என்னை உலுக்கியது. நான் கேட்கக் கேட்க, அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே ஊழியர்களுக்கான உணவகத்தில் அத்தையும் அவர் கணவரும் தேநீர்க் கடை வைத்திருந்தார்கள். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, வேலைக்குப் போன நாளெல்லாம், அந்தக் கடைக்குப் போய்த் தேநீர் குடித்திருக்கிறார். என்ன தேநீர் என்று சொல்வதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தையும் பேசியதில்லை. அத்தைக்கு நரை விழுந்தது, கண்ணாடி போட்டது, முழங்கால் தேய்ந்து நொண்டி நடக்க ஆரம்பித்தது, எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, அந்த அத்தையின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டு, விபூதி பூசிக்கொள்வார். நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.

எனக்குக் கத்தத்தான் வந்தது. கத்தினேன். "எப்படிப்பா முடிஞ்சது உங்களால?"

"தாத்தா கற்பூரத்துமேல அடிச்சு சத்தியம் வாங்கினாரு. உங்க அத்தையோட பேசமாட்டேன், அக்கான்னு கூப்பிடமாட்டேன்னு. பாக்கமாட்டேன்னு சொல்லல."

"தாத்தா போய் எத்தன காலம் ஆச்சு? அப்புறமாவது பேசியிருக்கலாம்ல?"

ஏதாவது பெரிய காரணம் சொல்வார், சாதி, மானம், வைராக்கியம் என்று எதையாவது சொல்வார், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

"பழகிடுச்சும்மா" என்றார்.

கொடுமைக்கு ஒரு கோர முகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பூக்கடையில் நின்று மாலையை மார்பில் வைத்து நீளம் பார்த்து வாங்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுவதும் அப்பாவோடு பேசவில்லை. பிறகு நானும் அதையே செய்கிறேன் என்பது உறைத்ததும், பயந்துபோய், சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன்.

மாலையை எடுப்பது பற்றி என் மேலதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பொருள் எப்படி வந்து சேர்ந்ததோ அப்படியே காப்பாற்றுவதுதான் எங்கள் தொழில். மாலையும் பொருளின் பகுதி. எடுக்க வேண்டுமென்றால் குழு கூடிப் பேச வேண்டும், காலம் பிடிக்கும். பதிவில் 'மறைந்தவர்' என்று இருந்ததை மட்டும் உடனே மாற்றினோம். அத்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார். "காஞ்ச மாலைக்கு இருக்கிற மரியாதையப் பாரு."

அதே பேச்சில்தான் தேநீரைப் பற்றியும் கேட்டேன். அவர் சொன்னார். "எப்ப வந்தாலும் தே ஒதான் கேப்பான். பால் இல்லாதது. அவனுக்கு அது பிடிக்காது லா, சின்ன வயசுல இருந்தே பால் இல்லாம தொடமாட்டான். ஆனா பால் ஊத்தி, ஆத்திக் கொடுக்கணும்னா அதுவரைக்கும் என் எதிர்ல நிக்கணும்ல? தே ஒன்னா டக்குன்னு வாங்கிட்டுப் போயிடலாம். உங்க மாமா அவன் வந்தாலே திரும்பி நின்னு கிளாஸ் கழுவுவாரு, நாங்க பேசிக்குவோம்னு. பாவம், கழுவின கிளாஸையே கழுவிட்டு இருப்பாரு." நீங்களாவது முதலில் பேசியிருக்கலாமே என்றேன். "செத்தவ பேசினா பயந்துடுவான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, "அன்னிக்கு வாயத் திறக்காம அவன்தானே என்னைச் சாகடிச்சான், அவன் வந்து எழுப்பட்டும்னு இருந்துட்டேன்" என்றார். மாமா இறந்து கடையை விட்டுவிட்டார்கள். அப்பாவும் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அப்பா படத்தை என் கையில் கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. உண்மையாகவே இறந்திருக்கக்கூடிய ஒருவரின் மாலை போட்ட படத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அடுத்த கூட்டமும் அதே மண்டபத்தில்தான். இந்த முறை தன் கதையைத் தானே சொல்வதாக அத்தை சொல்லிவிட்டார். தேதியையும் இடத்தையும் அப்பாவிடம் சொன்னேன். வாருங்கள் என்று கூப்பிடவில்லை, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் பெட்டியைத் திறந்து, தாளை விலக்கி, படத்தை மேசைமேல் நிறுத்தினேன். அத்தை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாலை போட்ட படமும் அதில் இருந்தவரும் பக்கத்துப் பக்கத்தில். தொழிற்சாலை, மாமா, பூட்டிய அறை எல்லாம் சொன்னார். நடுநடுவே மலாயும் சீனமும் கலந்தது, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி நிறுத்தினார், முன்வரிசையில் இருந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏறிய இடத்துக்கு வந்ததும் ஊன்றுகோலால் படத்தைக் காட்டினார். கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார், பதிலை எதிர்பார்த்து அல்ல.

"உயிரோட இருக்கிறவ படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா? யாரு போட்டது இத?"

"நாந்தாங்க்கா."

குரல் பின்கதவிலிருந்து வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். அத்தை திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எவ்வளவு காலம் காது கொடுத்துக் காத்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது, எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. அப்பா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். "ஸ்டூல்ல ஏத்தி விட்டு என் கையாலதான் போடச் சொன்னாங்க. அதுக்கப்புறம் போட்டதெல்லாம் நானேதான் போட்டேன்" என்றார் கூட்டத்தினரிடம், யாரோ விசாரணை நடத்துவது போல. பிறகு படத்தின் முன்னால் போய் நின்று, வெறுங்கையால் மாலையைப் பிடித்தார்.

கையுறையில்லாமல் பொருளைத் தொட விடக்கூடாது. அதைத் தடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கை எழவில்லை. மாலை ஒருமுறை கண்ணாடியை உரசியது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சட்டத்தின் மூலையில் மாட்டி, நூல் அறுந்து, சந்தனச் சீவல்கள் மேசையெல்லாம் உதிர்ந்தன. கண்ணாடியில் மாலை கிடந்த இடம் மட்டும் வளைவாக, தூசு படியாமல், பளிச்சென்று தெரிந்தது. கையில் மிச்சமிருந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா அதை வைத்துக்கொண்டே நின்றார். நான் தட்டை நீட்டினேன்.

அத்தை அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஊன்றி எழுந்து, நொண்டிக்கொண்டே, கூட்டத்துக்காக ஓரத்தில் வைத்திருந்த தேநீர்க் கலத்தருகே போனார். பழகிய கை. குவளையை எடுத்தார், தேநீரைப் பிடித்தார், பால் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பால் ஊத்தட்டுமா? நேரமாகும்."

"ஊத்துக்கா" என்றார் அப்பா. "நிக்கிறேன்."

உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, அறுந்த மாலையோடு தனிப் பெட்டியில் வைத்து, நடந்ததை நடந்தபடி மேலதிகாரியிடம் சொன்னேன். கடிந்துகொண்டார், அப்புறம் மாலைக்கென்று தனியாக ஓர் எண் கொடுக்கச் சொன்னார். "எனக்கு ஒரு நம்பர், என் சாவுக்கு ஒரு நம்பரா?" என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிடங்கில் அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது, யார் யாரோ ஆசையாகக் கொடுத்ததாக நான் நம்பிய பெட்டிகளைப் பார்த்தால் இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் என்ன பொய்யைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. அப்பாவை நான் முழுதாக மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. கூட்டங்களுக்கு இப்போது படம் மட்டும் போகிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்துகொள்கிறார். மாலை கிடங்கிலேயே இருக்கிறது. அங்கே மின்விசிறி கிடையாது. அது சத்தம் போடுவதில்லை.